விதிவிலக்குப் பட்டியல் யார் பொறுப்பில் இருக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்காவது பொதுமக்களின் தகவல்கள் கசிந்துவிட்டால், உங்கள் நாளிதழ் உட்பட எல்லாப் பத்திரிகைகளிலும் 'சர்வரை ஹேக் செய்து தகவல் திருட்டு' என்றுதான் தலைப்பு வருகிறது. பக்கத்திலேயே தொப்பி போட்டு முகம் மறைத்த ஓர் ஆள் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருக்கும் படம் (எத்தனை வருடமாக அதே ஆள்!). படிக்கிறவர்களுக்கு என்ன தோன்றும்? எவனோ பெரிய மூளைக்காரன் ராப்பகலாக உட்கார்ந்து உடைத்திருக்கிறான், இதற்கு யார் என்ன செய்ய முடியும் என்றுதானே. அந்த எண்ணம் சம்பந்தப்பட்ட நிறுவனத்துக்கு ரொம்ப வசதியாகப் போய்விடுகிறது, அதனால்தான் இந்தக் கடிதம்.

ஓஎம்ஆரில் ஒரு ஐடி கம்பெனியில் மிடில்வேர் (பயனருக்கும் டேட்டாபேஸுக்கும் நடுவே ஓடும் மென்பொருள்கள்) சப்போர்ட் வேலை பார்க்கிறேன். வெப் சர்வர், அப்ளிகேஷன் சர்வர், அவற்றுக்குக் காவலாகப் போடும் அக்சஸ் கண்ட்ரோல் ஏஜென்ட், இவற்றோடுதான் பிழைப்பு ஓடுகிறது. இந்தத் துறையில் இருக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், நிறைய கசிவுகளில் யாரும் எதையும் உடைப்பதே இல்லை. 'இந்தப் பக்கத்துக்கு லாகின் கேட்க வேண்டாம்' என்று யாரோ எப்போதோ எழுதிவைத்த ஒரு விதிவிலக்கு வரி இருக்கும், தகவல் அந்த வழியாக நிம்மதியாக வெளியே போயிருக்கும். இணையப் பாதுகாப்புக் குறைகளைத் தரவரிசைப்படுத்தும் ஓவாஸ்ப் அமைப்பின் பட்டியலில், அனுமதிச் சோதனை சரியாக இல்லாதது 2017-இல் ஐந்தாவது இடத்தில் இருந்தது, 2021-இல் முதலிடத்துக்கு வந்துவிட்டது.

ஏஜென்ட் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் மேற்கொண்டு சொல்வது புரியாது. அது வெப் சர்வரோடு சேர்ந்தே ஓடும் ஒரு சின்ன மென்பொருள். அப்பாச்சி என்ற வெப் சர்வரில் மாட்யூலாக (துணைப் பகுதியாக) ஏறும், டாம்கேட், வெப்லாஜிக் மாதிரி அப்ளிகேஷன் சர்வர்களில் ஃபில்டராக உட்காரும். ஒரு பக்கத்தைக் கேட்டு பிரவுசரிலிருந்து ரெக்வஸ்ட் வந்தால் அது அப்ளிகேஷனிடம் போய்ச் சேருவதற்கு முன்பே ஏஜென்ட் நிறுத்தி, குக்கி (முன்பே லாகின் செய்ததற்கான அடையாளச் சீட்டு) இருக்கிறதா என்று பார்க்கும். இல்லையென்றால் லாகின் பக்கத்துக்குத் திருப்பிவிடும். இருந்தால், இந்த குக்கி இன்னும் செல்லுபடியாகுமா, இந்த ஆளுக்கு இந்த யூஆர்எல்லுக்கு (பக்கத்தின் முகவரிக்கு) அனுமதி உண்டா என்று, தனி சர்வரில் ஓடும் பாலிசி சர்வரைக் கேட்கும். உண்டு என்று பதில் வந்தால் அந்த ஆளின் பெயரை ஒரு ஹெட்டரில் (ரெக்வஸ்ட்டோடு போகும் குறிப்பு வரியில்) எழுதி உள்ளே அனுப்பிவிடும். சைட்மைண்டர், ஆரக்கிளின் வெப்கேட், ஓப்பன்ஏஎம் என்று பெயர்கள் மாறினாலும் வேலை இதுதான்.

சென்னைக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். பீச்–தாம்பரம் மின்சார ரயிலில் டிக்கெட் இல்லாமலும் ஏறிவிடலாம், டிடிஇ வந்தால்தான் மாட்டுவோம். மெட்ரோவில் அப்படி முடியாது, ஒவ்வொருத்தரும் கேட்டில் கார்டையோ க்யூஆரையோ காட்டித்தான் பிளாட்பாரத்துக்குப் போக வேண்டும். ஏஜென்ட் இல்லாத அப்ளிகேஷன் முதல் வகை. ஒவ்வொரு பக்கத்தையும் எழுதிய டெவலப்பர் ஞாபகமாக லாகின் சோதனையைச் சேர்த்திருந்தால் உண்டு, மறந்திருந்தால் இல்லை. ஏஜென்ட் போட்டால் அந்தப் பொறுப்பு ஒரே இடத்துக்கு வந்துவிடுகிறது. நல்ல ஏற்பாடுதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் எல்லா ஏஜென்ட்டிலும் ஒரு பட்டியல் உண்டு. எந்தெந்த யூஆர்எல்லுக்குச் சோதனை வேண்டாம் என்கிற விதிவிலக்குப் பட்டியல், எங்கள் பேச்சில் எக்ஸப்ஷன். இது இல்லாமல் முடியாது. லாகின் பக்கத்தைப் பார்க்கவே லாகின் கேட்டால் யாரும் உள்ளே வர முடியாது. லோகோ, ஸ்டைல் ஃபைல்கள், பாஸ்வேர்டு மறந்தவர்களுக்கான பக்கம், சர்வர் உயிரோடு இருக்கிறதா என்று லோடு பேலன்சர் (வரும் ரெக்வஸ்ட்டுகளை சர்வர்களுக்குப் பிரித்து அனுப்புவது) தட்டிப் பார்க்கும் பக்கம், இவ்வளவும் அதில் இருந்தாக வேண்டும். முதல் நாள் அந்தப் பட்டியல் பத்துப் பன்னிரண்டு வரிதான் இருக்கும், யாராவது உட்கார்ந்து யோசித்து எழுதியதாகவும் இருக்கும்.

அப்புறம் கோ-லைவ் ராத்திரி, அதாவது அப்ளிகேஷனை மக்கள் பயன்பாட்டுக்குத் திறக்கும் ராத்திரி வரும். மொபைல் ஆப் டீம் அழைத்து, எங்கள் ஏபிஐ (ஆப் சர்வரிடம் தகவல் கேட்கும் முகவரிகள்) எல்லாம் லாகின் பக்கத்துக்குத் திரும்புகிறது, ஆப் திறக்கவில்லை என்பார்கள். பேமெண்ட் கேட்வே திருப்பி அனுப்பும் பதில் ஏஜென்ட்டில் மாட்டிக்கொண்டு நிற்கும். எல்லாரும் சேர்ந்து பேசும் பிரிட்ஜ் காலில் மேனேஜர் இருப்பார், கிளையன்ட்டும் இருப்பார். 'இப்போதைக்கு எக்ஸப்ஷன்ல போடுங்க, திங்கட்கிழமை எடுத்துடலாம்' என்று ஒரு குரல் வரும். எந்தத் திங்கட்கிழமை என்று அந்த நேரத்தில் யார் கேட்கப் போகிறார்கள்? அதுவும், எந்த ஏபிஐக்கு வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுத நேரம் இருக்காது, ஏபிஐ என்கிற ஃபோல்டரின் பெயரைப் போட்டு அதன் பின்னால் ஒரு நட்சத்திரக் குறி. அந்த ஒரு குறி அதற்குக் கீழே இன்றைக்கு இருக்கும் எல்லாவற்றையும், இனிமேல் யாராவது எழுதப்போகும் எல்லாவற்றையும் சோதனை இல்லாமல் விட்டுவிடும். ஆறு மாதம் கழித்து வேறொரு டீம் அதே ஃபோல்டரில் 'வாடிக்கையாளர் விவரம்' என்று ஒரு புது ஏபிஐ வைப்பார்கள், ஏஜென்ட்தான் காவலுக்கு இருக்கிறதே என்ற நம்பிக்கையில். எக்ஸப்ஷன் கேட்டவர் அதற்குள் வேறு கம்பெனிக்குப் போயிருப்பார், போட்டுக் கொடுத்தவர் வேறு புராஜெக்டில் இருப்பார். அந்த வரியை எடுக்கலாமா என்று புதிதாக வந்தவர் கேட்டால், 'எடுத்து ஏதாவது உடைஞ்சா நீ பொறுப்பா?' என்ற பதில்தான் கிடைக்கும். பட்டியலில் வரி சேரும், குறையவே குறையாது.

இன்னொரு வகை எக்ஸப்ஷன், எக்ஸ்டென்ஷனை (ஃபைல் பெயரின் கடைசி எழுத்துகளை) வைத்துப் போடுவது. படங்களுக்குச் சோதனை எதற்கு, சர்வர் மெதுவாகும் என்று, ஜேபிஜி, ஜிஃப் என்று முடியும் எல்லாவற்றையும் விட்டுவிடச் சொல்வார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் சில அப்ளிகேஷன் சர்வர்களில், ஒரு பக்கத்தின் முகவரிக்குப் பின்னால் ஒரு சாய்கோடு போட்டு இல்லாத படத்தின் பெயர் ஒன்றை ஒட்டினாலும் அந்தப் பக்கமே வந்து நிற்கும். ஏஜென்ட் கடைசி எழுத்துகளைப் பார்த்துப் படம் என்று விட்டுவிடும், அப்ளிகேஷன் முதல் பகுதியைப் பார்த்துப் பக்கத்தை எடுத்துக் கொடுத்துவிடும். இது மிகப் பழைய ஓட்டை, ஏஜென்ட் தயாரிப்பவர்களுக்கும் தெரியும், தடுக்க செட்டிங் உண்டு. அந்த செட்டிங்கை யாராவது பார்த்தார்களா என்பதுதான் விஷயம்.

இதெல்லாம் நம்மூர் அவசரத்தில் நடக்கிற கூத்து, பெரிய கம்பெனிகளில் நடக்காது என்று நினைத்துவிட வேண்டாம். 2025 ஜூலையில் உலகம் முழுக்க, நிறுவனங்கள் தங்கள் இடத்திலேயே வைத்திருந்த மைக்ரோசாஃப்ட் ஷேர்பாயிண்ட் (அலுவலக ஆவணங்களைப் பகிர்ந்துகொள்ளும் மென்பொருள்) சர்வர்களுக்குள் வெளியாட்கள் புகுந்தார்களே, அது எப்படி ஆரம்பித்தது தெரியுமா? லாக்அவுட் பக்கத்துக்கு லாகின் தேவையில்லை, சரிதான். ஆனால் 'நான் லாக்அவுட் பக்கத்திலிருந்து வருகிறேன்' என்று ரெஃபரர் என்கிற ஹெட்டரில் எழுதி அனுப்பினால், வேறொரு பக்கத்துக்கும் சேர்த்தே அந்தச் சலுகையை சர்வர் கொடுத்தது. ரெஃபரர் என்பது அனுப்புகிறவர் தானே எழுதும் வரி, என்ன வேண்டுமானாலும் எழுதலாம். உள்ளே போன பிறகு இன்னொரு ஓட்டையையும் சேர்த்துப் பயன்படுத்தி முழு சர்வரையும் எடுத்துக்கொண்டார்கள். அதே ஆண்டு மார்ச்சில் நெக்ஸ்ட் ஜேஎஸ் என்ற, எக்கச்சக்கமான இணையதளங்கள் ஓடுகிற மென்பொருளிலும் இதே கதை. அது தனக்குத் தானே அனுப்பிக்கொள்ளும் ரெக்வஸ்ட்டை அடையாளம் காண ஒரு ஹெட்டர் வைத்திருந்தார்கள். வெளியாள் அதே ஹெட்டரைப் போட்டு அனுப்பினால், காவலுக்கு எழுதிய சோதனை முழுவதையும் தாண்டி அந்த ரெக்வஸ்ட் போய்விட்டது. இரண்டுமே எக்ஸப்ஷனால் வந்த வினை.

தெரிந்தே கொடுக்கும் விதிவிலக்கு இன்னும் மோசம். அமெரிக்காவில் வீடு, நிலப் பத்திரங்களுக்குக் காப்பீடு தரும் ஃபர்ஸ்ட் அமெரிக்கன் என்ற நிறுவனம், ஆவணங்களை வாடிக்கையாளருக்கு லிங்க்காக அனுப்பிக்கொண்டிருந்தது. லாகின் எதுவும் கேட்காமல், லிங்க் இருந்தால் போதும், ஆவணம் திறக்கும்படி வைத்திருந்தார்கள். லிங்க்கில் இருந்தது வரிசை எண். ஒரு எண்ணை மாற்றினால் அடுத்தவர் ஆவணம். 2019 மே மாதம் இது வெளியே தெரிந்தபோது அப்படிக் கிடந்தவை ஏறக்குறைய 88.5 கோடி ஆவணங்கள், வங்கிக் கணக்கு எண்கள் உட்பட. இதில் எனக்கு வயிற்றெரிச்சல் எதிலென்றால், அதற்குச் சில மாதங்கள் முன்பே அவர்களுடைய சொந்த ஆட்கள் நடத்திய சோதனையில் இது அகப்பட்டிருக்கிறது, அவசரமில்லாத வகையில் சேர்த்து ஓரமாக வைத்துவிட்டார்கள். 2023-இல் நியூயார்க் மாநில நிதித்துறை 10 லட்சம் டாலர் அபராதம் போட்டது. 88.5 கோடிக்கு 10 லட்சம், நீங்களே வகுத்துப் பாருங்கள்.

நம் ஊரில் இப்போது ரத்தப் பரிசோதனை ரிசல்ட் எப்படி வருகிறது? போனுக்கு ஒரு மெசேஜ், அதில் ஒரு லிங்க். என் பெரியம்மாவுக்கு வந்ததைத் திறந்தேன், ஓடிபி கேட்கவில்லை, பிறந்த தேதி கேட்கவில்லை, நேராக பெயர், வயது, சர்க்கரை அளவு, எல்லாம். லிங்க்கின் கடைசியில் ஓர் எண். அதை மாற்றிப் பார்க்கவில்லை, பார்ப்பது தப்பும்கூட. அனுமதி இல்லாமல் அடுத்தவர் தகவலை எடுத்தால் ஐடி சட்டத்தின் 43, 66 பிரிவுகள் இருக்கின்றன. அந்த லேபுக்கு போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, 'எங்க ஆப் டவுன்லோட் பண்ணிக்கோங்க சார், அதுல ஈஸியா பாக்கலாம்' என்றார். அவரைக் குறை சொல்லி என்ன செய்வது, இந்த மாதிரி போன் வந்தால் யாரிடம் கொடுக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள்.

இந்த லேப் மாதிரி இடங்களில் ஏஜென்ட் இருந்தாலும்கூட முழுத் தீர்வு ஆகாது என்பதையும் சொல்ல வேண்டும். மெட்ரோ கேட் டிக்கெட்டைப் பார்க்குமே தவிர, உள்ளே போய் யாருடைய பையை யார் தூக்குகிறார்கள் என்று பார்க்காது. ரிசல்ட் பக்கத்துக்கு நான் போகலாமா என்று ஏஜென்ட் சொல்லும், அங்கே எந்த நோயாளியின் ரிசல்ட் எனக்கு உரியது என்று அப்ளிகேஷன்தான் பார்க்க வேண்டும். 'ஏஜென்ட் போட்டாச்சு, நீங்க கவலைப்படாதீங்க' என்று டெவலப்பர்களிடம் சொல்கிற வெண்டர் ஆட்களை என்ன செய்வது என்றே தெரியவில்லை.

பட்டியலில் இல்லாமலே சில விதிவிலக்குகள் உண்டு. ஏஜென்ட் முன்னால் இருக்கும் வெப் சர்வரில் இருக்கும், அப்ளிகேஷன் சர்வரோ 8080 போர்ட்டில் (நெட்வொர்க்கில் அதற்கென்று இருக்கும் வாசலில்) பின்னால் ஓடும். அந்த போர்ட்டை நெட்வொர்க்கில் யார் வேண்டுமானாலும் தொடலாம் என்று விட்டிருந்தால், வெப் சர்வர் பக்கமே போகாமல் நேராக அங்கே போய், ஏஜென்ட் எழுத வேண்டிய ஹெட்டரில் மேனேஜர் பெயரைத் தானே எழுதி அனுப்பினால் போதும், அப்ளிகேஷன் நம்பிவிடும், பாஸ்வேர்டே தேவையில்லை. அந்த போர்ட்டை வெப் சர்வரைத் தவிர யாரும் தொட முடியாதபடி செய்வது ஒரு ஃபயர்வால் வரி, அரை மணி நேர வேலை.

பாலிசி சர்வர் படுத்துவிட்டால் என்ன நடக்கும் என்பதும் முக்கியம். தீ விபத்து என்றால் மெட்ரோ கேட் எல்லாம் திறந்துகொள்ள வேண்டும், உயிர் முக்கியம். சர்வரில் அதற்கு நேர்மாறு, கேட்க ஆள் இல்லையென்றால் யாரையும் விடக் கூடாது. ஏஜென்ட்டுகளும் பெரும்பாலும் அப்படித்தான் நடந்துகொள்ளும். மனிதர்கள்தான் மாற்றிவிடுகிறார்கள். அடைமழையில் டேட்டா சென்டர் லிங்க் விழுந்து, பாலிசி சர்வரை எட்ட முடியாமல், ஒருத்தரும் லாகின் செய்ய முடியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலிடத்திலிருந்து ஒரு போன் வரும், ஏஜென்ட்டை ஆஃப் பண்ணிட்டு அப்ளிகேஷனை மேலே கொண்டுவாங்க என்று. அப்பாச்சியில் கான்ஃபிக் ஃபைலில் சில வரிகளை அடைத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்தால் முடிந்தது. லிங்க் வந்த பிறகு அதை மறுபடி ஆன் செய்ய வேண்டும் என்று யாருக்கும் போன் வராது, ஏனென்றால் எல்லாம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், முன்பைவிட வேகமாகவே ஓடும்.

காவலாளியே ஓட்டையாக இருந்ததும் உண்டு. முன்பு சொன்ன வெப்கேட் கேள்வி கேட்கும் ஆரக்கிள் அக்சஸ் மேனேஜரில், லாகின் இல்லாமலே உள்ளே புக வழிவிடும் ஒரு குறைக்கு 2022 ஜனவரியில் பேட்ச் (குறையை அடைக்கும் திருத்தம்) வந்தது. அதே வருடம் நவம்பரில், அந்தக் குறையை நிஜமாகவே பயன்படுத்துகிறார்கள் என்று அமெரிக்க அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பு தன் பட்டியலில் சேர்த்தது. பேட்ச் வந்து பத்து மாதம். ஏஜென்ட், பாலிசி சர்வர் பேட்ச் என்றாலே எல்லா அப்ளிகேஷனுக்கும் டவுன்டைம், அதனால் எல்லாரும் தள்ளிப்போடுவார்கள், நானும் எத்தனையோ மீட்டிங்கில் இதற்காகக் கத்தியிருக்கிறேன்.

சரி, நம் பக்கம் வருவோம். அரசு இணையதளங்களுக்கு, மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சர்ட்-இன்னின் பட்டியலில் உள்ள ஆடிட்டர்கள் சோதித்து 'சேஃப் டு ஹோஸ்ட்' சான்றிதழ் கொடுக்கும் முறை இருக்கிறது, நல்லதுதான். ஆனால் அந்தச் சோதனை பல நேரம் ஸ்டேஜிங் (ஒத்திகை) சர்வரில் நடக்கும். ஸ்டேஜிங்கில் இருக்கும் எக்ஸப்ஷன் பட்டியலும் ப்ரொடக்ஷனில் (மக்கள் நிஜமாகப் பயன்படுத்தும் சர்வரில்) இருக்கும் பட்டியலும் ஒன்றா என்று ஒப்பிட்டுப் பார்த்த ஆடிட்டரை நான் இன்னும் சந்திக்கவில்லை. டெண்டர் ஆவணங்களிலும் 'அக்சஸ் கண்ட்ரோல் வசதி இருக்க வேண்டும்' என்று ஒரு வரி இருக்கும், வெண்டர் 'உண்டு' என்று டிக் போடுவார், எல்1, அதாவது மிகக் குறைந்த விலை கொடுத்தவருக்கு வேலை போகும், அதோடு முடிந்தது. அந்த வரிக்குக் கீழே இன்னும் இரண்டு வரி சேர்த்தால் என்ன குடி முழுகிவிடும்? ஒவ்வொரு எக்ஸப்ஷனுக்கும் கேட்டவர் பெயரும் காலாவதித் தேதியும் இருக்க வேண்டும், தேதி முடிந்தால் அந்த வரி தானாக விழ வேண்டும் என்று ஒன்று. மூன்று மாதத்துக்கு ஒரு முறை ப்ரொடக்ஷன் பட்டியலை, துறையில் பொறுப்பான அதிகாரி ஒருவர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்று இன்னொன்று. இதற்குப் புது மென்பொருளும் வேண்டாம், பணமும் வேண்டாம். மாநில அரசு 2020-லேயே சைபர் பாதுகாப்புக் கொள்கை கொண்டுவந்துவிட்டது, டெண்டர் மாதிரிப் படிவத்தில் இதைச் சேர்ப்பது ஒரு சுற்றறிக்கை வேலை.

தனியாருக்கு இனி சட்டமே இருக்கிறது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், போதிய பாதுகாப்பு இல்லாமல் தகவல் கசிந்தால் 250 கோடி ரூபாய் வரை அபராதம். விதிகள் 2025 நவம்பரில் வந்தன, முக்கியமான கடமைகளுக்கு 18 மாத அவகாசம். அதற்கு முன்பே, 2022 ஏப்ரல் உத்தரவின்படி, சம்பவம் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் சர்ட்-இன்னுக்குச் சொல்ல வேண்டும், 180 நாள் லாக் (யார் எப்போது வந்தார்கள் என்ற பதிவு) வைத்திருக்க வேண்டும். லாக் வைத்திருக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எக்ஸப்ஷனில் இருக்கும் பக்கத்துக்கு வந்தவர் யார் என்று ஏஜென்ட்டுக்கே தெரியாது, அதனால் லாகில் பயனர் பெயர் இருக்காது. ஐபி முகவரி இருக்கும், அதுவும் முக்கால்வாசி நேரம் லோடு பேலன்சருடைய முகவரியாக இருக்கும். 180 நாள் அல்ல, 180 வருடம் வைத்திருந்தாலும் அதிலிருந்து யாரையும் பிடிக்க முடியாது.

உங்கள் நிருபர்களிடம் நான் கேட்பது இதுதான். அடுத்த முறை ஒரு நிறுவனமோ துறையோ 'எங்கள் மீது அதிநவீன சைபர் தாக்குதல்' என்று அறிக்கை விட்டால், அதை அப்படியே போடாமல், தகவல் போன அந்தப் பக்கத்துக்கு லாகின் சோதனை இருந்ததா என்று கேளுங்கள். இல்லை என்றால், சோதனை வேண்டாம் என்று எப்போது, யார் கேட்டு எடுத்தார்கள் என்று கேளுங்கள். மழுப்பினால் மழுப்பினார்கள் என்றே போடுங்கள். நேர்மையாகப் பதில் சொல்கிறவர்களின் பெயரையும் போடுங்கள், அப்படிச் சிலர் இருக்கத்தான் செய்கிறார்கள்.

கடிதம் நீண்டுவிட்டது, தெரிகிறது. இடம் இல்லையென்றால் மெட்ரோ பத்தியையும் அமெரிக்கக் கதையையும் தாராளமாக வெட்டிக்கொள்ளுங்கள், டெண்டர் பத்தியை மட்டும் விட்டுவைக்கவும்.

இப்படிக்கு,
மிடில்வேர் பணியில் இருக்கும் ஒரு வாசகர்,
மேடவாக்கம், சென்னை.